டீமேக்கரின் ரிஜிஸ்தர்

நீலகிரிக்கும் நாய்களுக்கும் உள்ள உறவு பழையது. உருளைக்கிழங்கையும் யூகலிப்டஸையும் கொண்டுவந்த வெள்ளைக்காரர்கள் கூடவே சீமை நாய்களையும் இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள். வென்லாக் புல்வெளியில் குதிரையேறி வேட்டையாடுவதற்கென்று இங்கிலாந்திலிருந்து நாய்களைக் கப்பலேற்றினார்கள். சீமை நரி இங்கே ஏது? குள்ளநரியைத் துரத்தித் திருப்தியடைந்தார்கள். துரைமார்கள் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன நாய்க் கண்காட்சி மட்டும் போகவில்லை. தென்னிந்தியக் கென்னல் கிளப் ஊட்டியில் நடத்தும் கண்காட்சிகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டி எத்தனையோ வருஷங்களாகிவிட்டன. சீசனுக்கு வருகிற ஜனங்கள் ரோஜாவைப் பார்த்த கையோடு நாயையும் பார்க்கிறார்கள்.

பார்க்க வேண்டிய காட்சிதான். சீவிச் சிங்காரித்த நாய்கள் வட்டமாக நடந்து வரும். நடுவர் பல்லைப் பார்ப்பார், முதுகைத் தடவுவார், நடையை அளப்பார். மெடல் வாங்கிய கடுவனுக்கு அன்று மாலையே சம்பந்தம் பேச ஆள் வந்துவிடும். ஏழு ஜோசியரிடம் ஜாதகம் காட்டாமல் பெண் கொடுக்காத நம்மவர்கள், நாய் விஷயத்தில் மட்டும் அழகைப் பார்த்தவுடனே தாம்பூலம் மாற்றிவிடுகிறார்கள்.

நடுவரின் கைக்கு எட்டாத சங்கதிகள் சில இருக்கின்றன. இடுப்புக் கிண்ணத்தில் தொடை எலும்பு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட எக்ஸ்ரேக்களைப் பார்த்துத் தரம் சொல்வதற்கென்றே 1966-ல் ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. இரண்டு வயது நிறைந்த நாய்க்குத்தான் அங்கே முடிவான சான்று கொடுப்பார்கள். சீமை நாய்க்கு மட்டும் வந்த வியாதி இது என்று நினைத்துவிட வேண்டாம். நம்முடைய ராஜபாளையத்து நாயின் பால்வெள்ளை நிறத்துக்கு மயங்காதவர் யார்? 2005-ல் தபால்தலையிலேயே ஏறிவிட்ட ஜாதி அது. ஆனால் அந்த வெள்ளையோடு சில குட்டிகளுக்குச் செவிட்டுத்தனமும் சேர்ந்து வந்துவிடுகிறது.

வெறிநாய்க்கடியைப் பற்றி இந்த மலைவாசிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1902-ல் ஓர் இளம் ஆங்கிலப் பெண் அந்த நோயில் இறந்துபோனாள். அந்தத் துயரத்தின் விளைவாக 1907-ல் குன்னூரில் எழுந்ததுதான் பாஸ்டர் நிலையம். நாயிடமிருந்து மனிதனுக்கு வருகிற நோய்க்கு இத்தனை ஏற்பாடு செய்த ஊரில், நாயிடமிருந்து அதன் குட்டிக்குப் போகிற நோயைப் பற்றிக் கவலைப்பட்டவராக எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான் இருக்கிறார்.

அவர் கேத்திப் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற டீமேக்கர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பதினெட்டு வயதில் மலையேறியவர். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் தம்பி. முப்பத்தைந்து வருஷம் பாக்டரியில் இலை வாடுவதையும் புளிப்பதையும் மூக்காலும் தெர்மாமீட்டராலும் காவல் காத்தவர். மூக்கை நம்பலாம், ஆனால் ரிஜிஸ்தரில் எழுதி வைத்துவிட்டு நம்ப வேண்டும் என்பது அவர் கட்சி.

முன்பு அவரிடம் ஒரு லாப்ரடார் இருந்தது. நாலு வயது வரையில் ராஜா மாதிரி இருந்த நாய், அந்தி மயங்கினால் நாற்காலியில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தது. பிறகு பகலிலும் தடுமாறியது. ஒரு நாள் தேயிலைக் காட்டுக் கானில் விழுந்து, இரவு முழுவதும் அங்கேயே கிடந்தது. விற்றவன் கெட்டவன் அல்ல, அவனுக்கே தெரியாது. இந்தக் கண்நோய் தலைகாட்டுவதற்குள் குட்டி விற்ற பணம் செலவாகி, விற்றவனின் முகமும் மறந்துபோய்விடுகிறது. வாங்கியவர் வீட்டுக் குழந்தைதான் அழுகிறது.

அடுத்து வந்தவள் ராணி. அவளுக்கு மூன்று வயது ஆகும்வரை அண்ணாச்சி குட்டி என்ற பேச்சையே எடுக்கவில்லை. பிறகு கோயம்புத்தூருக்கு இறக்கிக்கொண்டு போய், மயக்க ஊசி போட்டு இடுப்பைப் படம் எடுத்தார். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். புரூசெல்லா கிருமி இருக்கிறதா என்று ரத்தம் பார்த்தார். சேர்க்கையில் தொற்றிக் கருவைக் கலைக்கிற கிருமி அது, மனிதரையும் விடாது. இடுப்பு நன்றாக இருந்தது. ரத்தம் சுத்தம். கண் விஷயத்தில் மட்டும் ஒரு வில்லங்கம்: ராணி குறையின் ஒரு பங்கைச் சுமந்துகொண்டிருந்தாள்.

அவளுக்குப் பார்வை போகாது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்து சேரும் குட்டிக்குத்தான் கண் போகும். கடுவன் சுத்தமானால் ஒரு குட்டிக்கும் ஆபத்தில்லை. அவனும் ராணியைப் போலவே சுமப்பவனானால், சராசரியாக நாலில் ஒன்று குருடாகும்.

அந்தச் சமயத்தில்தான் மெடல் வாங்கிய ஒரு கடுவனின் சொந்தக்காரர் தாமாகவே சொல்லி அனுப்பினார். அவன் குட்டி என்றால் விலை இரட்டிப்பு. அண்ணாச்சி அவர் பங்களாவுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, "உங்க நாய்க்கும் ஒரு சோதனை பண்ணிட்டா நல்லது" என்று கேட்டிருக்கிறார். "கோளாறு உங்க நாய்க்கு. என் நாய்க்கு எதுக்கய்யா சோதனை? மெடலைப் பாத்தீரா?" என்று பதில் வந்தது. அண்ணாச்சி காப்பியைக் குடித்துவிட்டுக் கும்பிடு போட்டுத் திரும்பிவிட்டார்.

பிராவிடண்ட் பண்டு வட்டியில் ஓடுகிற குடித்தனம். "வாசல் வரைக்கும் வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பிட்டு வந்திருக்காக" என்று அவர் மனைவி என்னிடம் முறையிட்டார். நான் யார் பக்கம் பேசுவது? பேசாமல் முறுக்கைக் கடித்தேன். ராணியின் அந்தப் பருவம் வீணாயிற்று. மறு பருவம் வர ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் கோத்தகிரியில் ஒரு கடுவன் அகப்பட்டான். கண்காட்சிப் பக்கமே போகாதவன்; காது ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கும். எல்லாச் சோதனையிலும் தேறியவன்.

2017-ம் வருஷத்து மத்திய அரசு விதிகள் ஒன்றரை வயது நிறையாத நாயை இணை சேர்க்கக் கூடாது, டாக்டரின் சான்று வேண்டும், ஒரு பெட்டைக்கு ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்றெல்லாம் சொல்கின்றன. அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, "இது பாஸ் மார்க்குத்தான் தம்பி" என்றார்.

பிரசவம் ஜனவரியில். கேத்தியில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிகிற மாதம். பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் அது படுக்கிற இடம் 85-லிருந்து 90 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்க வேண்டும். பழைய டீப் பெட்டிப் பலகைகள் அண்ணாச்சியிடம் இருந்தன. (இப்போதெல்லாம் தேயிலை காகிதச் சாக்கில் போகிறது.) அவற்றைக் கொண்டு ஒரு தொட்டி செய்தார். தாய் சாயும்போது குட்டி நசுங்காமல் ஒதுங்கிக்கொள்ளச் சுற்றிலும் உள்ளே ஒரு சட்டம் அடித்தார். ஒரு மூலையில் மட்டும் விளக்குச் சூடு. அதிகமானால் நகர்ந்துகொள்ள வேண்டுமே! கரெண்டு போனால் வெந்நீர்ப் பைகள். இரண்டு வாரம் முன்பிருந்தே ராணியை அதில் படுக்கப் பழக்கினார்.

ஐம்பத்தைந்தாம் நாளுக்கு மேல் எடுத்த எக்ஸ்ரேயில் டாக்டர் மண்டை ஓடுகளை எண்ணி ஏழு என்றார். ரிஜிஸ்தரில் ஏழு என்று ஏறியது. பிறகு காலையும் மாலையும் ராணியின் சூடு. வழக்கமாக 101-க்கு மேல் நிற்கிற சூடு 99-க்குக் கீழே இறங்கினால், ஒரு நாளுக்குள் குட்டி வரும். அறுபத்திரண்டாம் நாள் காலை 98.4. எனக்குப் போன் வந்தது. அன்றிரவு நானும் அங்கே இருந்தேன். எனக்குக் கொடுக்கப்பட்ட உத்தியோகம் துண்டுகளை அடுப்பருகே காய வைப்பது.

இரவு பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் ஆறு குட்டிகள். ராணி நக்கிச் சுத்தம் செய்து படுத்துவிட்டாள். அமைதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். நானாக இருந்தால் மங்களம் பாடிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அண்ணாச்சி ரிஜிஸ்தரைத் தட்டிக் காட்டினார்: "இன்னும் ஒண்ணு உள்ளே இருக்கு." மூன்று மணி. மூன்றே முக்கால். நாலு மணிக்கு டாக்டருக்குப் போன். அவர் பனியில் பைக் ஓட்டிக்கொண்டு வந்தபோது ஐந்தாகப் போயிற்று. குட்டி வழியில் குறுக்கே நின்றிருந்தது. திருப்பி எடுத்தார். அண்ணாச்சி சூடான துண்டில் சுற்றித் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். அது மூச்சு விடவில்லை. அவர் மனைவி அதை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார்.

"மத்தியானம் வரை விட்டிருந்தால் தாயும் போயிருக்கும்" என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே.

ஆறு குட்டிகளையும் தினம் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதினார்கள். வாங்க வந்தவர்களை அண்ணாச்சி கேட்ட கேள்விகள் வக்கீல் நோட்டீசுக்குச் சமானம். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்? சிறுத்தை நடமாட்டமுள்ள இடமா, ராத்திரி எங்கே படுக்கும்? குட்டி போட வைக்கிற எண்ணம் உண்டா? உண்டென்றால், பாதிக் குட்டிகள் குறையைச் சுமக்கக்கூடும், முதலில் சோதித்துப் பாருங்கள் என்று காகிதத்தில் எழுதி ராணியின் சான்றுகளோடு கொடுத்தார். அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் வேண்டாமென்று போய்விட்டார்கள்.

நானும் ஒரு குட்டி கேட்டேன். இரவு முழுவதும் துண்டு காய வைத்த உரிமை இருக்கிறதல்லவா? அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க தொடர்கதை எழுத உக்காந்தா ஒரு வாரத்துக்குத் தலை நிமிர மாட்டீங்க, தம்பி. அது பாவம், பசின்னு எத்தனை தடவைதான் உங்களைக் கூப்பிடும்?" என்றார்.

கடைசிக் குட்டி ஒன்பதாவது வாரம் லவ்டேலில் ஒரு வாத்தியாரம்மா வீட்டுக்குப் போயிற்று.