அறுபதில் கற்ற ஆட்டம்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டனர் நம் முன்னோர். அறுபதிலும் வளையும் என்று மெய்ப்பிக்கப் புறப்பட்டு, இடுப்பு வலியோடு வீடு திரும்பிய எங்கள் கதையை அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்து 35 ஆண்டுகள் ஆகின்றன. காக்ஸ் டவுனை அடுத்த ஜீவனஹள்ளியில் குடியிருக்கிறோம். பணி ஓய்வு வந்தது. பிள்ளைகள் அயல்நாடு சென்றனர். வீட்டில் நாங்கள் இருவரும் சுவர்க்கடிகாரமும் எஞ்சினோம். இருவருக்கும் இரத்த அழுத்தம் இருப்பதைக் கண்ட மருத்துவர், “நாள்தோறும் நடவுங்கள், கோபத்தைக் குறையுங்கள்” என்றார். முதலாவது எளிது. இரண்டாவதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

கோல்ப் என்னும் ஆட்டத்தின் பெயர் எங்கள் வீட்டில் முதன்முதல் ஒலித்தது 2021 ஆகஸ்டு மாதத்தில். பெங்களூரில் பிறந்து வளர்ந்த அதிதி அசோக் என்னும் பெண், தோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில் நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் வென்றவரைவிட ஒரே ஓர் அடிதான் கூடுதல். மட்டைப் பையைச் சுமந்து அவருடன் நடந்தவர் அவருடைய தாயார். ஆட்டத்தின் விதி ஒன்றும் அறியாமலேயே தொலைக்காட்சியின் முன் அமர்ந்து பதைத்தோம். மறுநாள், அடுத்த தெருவில் வாழும் பெரியவர் ஒருவர் தேநீர்க் கடையில் அவ்வாட்டத்தை எங்களுக்கு விளக்கினார். எழுபதைக் கடந்த அவர், பன்னிரண்டாம் வயது முதல் கோல்ப் திடலில் பிறருடைய பைகளைச் சுமந்தவர்.

“அந்த வேலைக்குக் கேடி என்று பெயர். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை கேடி என்று என் மாமா சொல்லிவிட்டார். போலீஸ் பட்டியலில் இருக்கும் ஆள் என்று எண்ணி, பெண் வீட்டார் காபி கூடக் கொடுக்கவில்லை” என்று சொல்லிச் சிரித்தார்.

அவரிடம் கேட்டறிந்தவையும் பின்னர் நாங்கள் படித்தறிந்தவையும் வியப்பூட்டின. இவ்வாட்டம் ஸ்காத்லாந்து நாட்டில் தழைத்தது. வில்வித்தைப் பயிற்சியை மக்கள் மறக்கின்றனர் என்று அஞ்சி, 1457இல் அந்நாட்டில் இதற்குத் தடை விதித்தனராம். வெள்ளையரோடு கடல் கடந்து, 1829இல் கல்கத்தாவில் சங்கம் கண்டது. நம் பெங்களூரில் ஹை கிரவுண்ட்ஸ் பகுதியில் உள்ள சங்கம் 1876இல் தோன்றியது. தலைமுறை தலைமுறையாக அத்தகைய திடல்களின் வேலியோரம் நின்று பார்த்தவரும், பை சுமந்தவரும், புல் வெட்டியவரும் எளிய குடும்பத்தாரே. அவர்களிடையிலிருந்தும் ஆட்டக்காரர் எழுந்தனர். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா என்பவர், 2009இல் குர்கானில் நடந்த இந்திய ஓபன் பந்தயத்தில் வெற்றி பெற்றார். இதைச் சொல்லும்போது பெரியவரின் முதுகு தானாக நிமிரும்.

“நீங்களும் கற்கலாம். நடையும் ஆகும், மனமும் அடங்கும்” என்றார் அவர்.

சங்கங்களில் உறுப்பினராகும் செல்வம் எங்களிடம் இல்லை. ஆனால் கூடை கணக்கில் பந்துகளை வாடகைக்குத் தரும் பயிற்சித் திடல்கள் நகரில் உண்டு. பழைய மட்டைகள் ஏழு வாங்கினோம். பந்தயத்தில் பதினான்கு வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஏழே எங்களுக்கு எழுபது போல் தோன்றின. வாரத்தில் மூன்று நாள், விடிந்ததும் பெரியவருடன் ஆட்டோவில் ஏறிப் புறப்பட்டோம்.

கிரிக்கெட்டில் பந்து நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. அடிக்க இயலாவிடில் பந்துவீச்சாளரைப் புகழ்ந்து தப்பலாம். இங்கோ பந்து அசையாமல் கிடக்கிறது. எடை 46 கிராமுக்கும் குறைவு. நாம் அடிக்கும் வரை பொறுமையுடன் காத்திருக்கிறது. ஆகவே பழியைப் போட வேறு ஆள் இல்லை. முதல் நாள் நாங்கள் அடித்த ஐம்பது பந்துகளில் பாதி இருந்த இடத்திலேயே இருந்தன. காற்றை அடித்தோம், மண்ணை அடித்தோம், எங்களுள் ஒருவர் தம் காலையே அடித்துக்கொண்டார்.

பந்து மேலே எழ வேண்டுமானால் அதைக் கீழிருந்து தூக்கிவிட வேண்டும் என்று அறிவு சொல்கிறது. அஃது தவறு. இரும்பு மட்டையின் முகம் சாய்வானது. கீழ்நோக்கி அடித்தால்தான் பந்து பின்சுழற்சி பெற்று உயரே எழும். தூக்க முயன்றால் பந்தின் தலையில் மட்டை பட்டுத் தரையோடு ஓடும். வலிமை கொண்டு வீசினால் தொலைவு குறைகிறது. தளர்ந்து வீசினால் கூடுகிறது. மட்டையை இறுகப் பிடித்தால் அடி பிசகுகிறது. “குருவிக் குஞ்சைப் பிடிப்பது போல் பிடியுங்கள், பறக்கவும் கூடாது, சாகவும் கூடாது” என்பார் பெரியவர். தேங்காய் துருவிப் பழகிய கைக்கு இஃது எளிதில் வசப்பட்டது. ஆலையில் முறுக்குச் சாவி பிடித்த கைக்கு வசப்படவே இல்லை. இதனால் எங்கள் வீட்டில் யாருடைய பந்து நேரே சென்றது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

மற்றவருடைய பந்தோ நேரே புறப்பட்டு, நடுவழியில் மனம் மாறி, வலப்புறம் வளைந்து வேலியைச் சேர்ந்தது. மட்டையின் முகம் வலப்பக்கம் திறந்த நிலையில் பந்தைத் தொடுவதால் பக்கச்சுழற்சி உண்டாகிறது என்பது காரணம். காரணம் தெரிந்துவிட்டால் நோய் தீர்ந்துவிடுமா?

நிற்க. மூன்றாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திடலில் இளைஞர் கூட்டம். அன்று எங்கள் பந்துகள் ஒன்றன் பின் ஒன்றாக வேலியை நாடின. ஒவ்வோர் அடிக்கும் பெரியவர், “தலையைத் தூக்கிவிட்டீர்கள் சார்” என்றார். பக்கத்தில் நின்ற இளைஞர் இருவர் சிரித்தனர். பதினோராம் முறை அவர் அதையே சொன்னபோது, “ஆயுள் முழுவதும் பை சுமந்தவருக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?” என்ற சொல் வெளிப்பட்டுவிட்டது.

சொன்ன வாய் ஒன்றுதான். எனினும் மற்றவரும் அவ்விடத்திலேயே தடுத்துப் பேசவில்லை. ஆதலால் குற்றம் இருவருக்கும் உரியது என்றே எழுதுகிறோம்.

பெரியவர் மறுமொழி கூறவில்லை. மட்டைகளை ஈரத்துணியால் துடைத்தார். ஒவ்வொன்றாகப் பையில் வைத்தார். பையை எங்கள் காலடியில் நிறுத்திவிட்டுப் பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்தார்.

மூன்று வாரம் அவர் வரவில்லை. நாங்களாகவே பயின்றோம். நேரே சென்ற பந்தும் வளையத் தொடங்கியது. தேநீர்க் கடையில் அவரைக் கண்டால் என்ன பேசுவது என்று அஞ்சி, பால் வாங்கவும் வேறு தெரு வழியே சென்றோம். கல்வி தந்தவரை இகழ்ந்து பேசலாகாது என்று பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்! பட்டமும் பதவியும் பெற்றவர்தாம் ஆசிரியர் என்று எந்தப் பாடத்தில் படித்தோம்? மருத்துவர் சொன்ன இரண்டாவது அறிவுரை அப்போது நினைவுக்கு வந்தது.

ஒரு மாலையில் இருவரும் அவர் வீட்டுக்குச் சென்றோம். ஓட்டு வீடு, வாசலில் துளசி. “பெரியவரே, தவறிப் பேசிவிட்டோம்” என்று தொடங்கிய எங்களை அவர் முடிக்க விடவில்லை. பாய் விரித்து அமரச் செய்து, அவர் தம் இளமையைப் பற்றிப் பேசினார். வாரத்தில் ஒரு நாள், ஆட்டக்காரர்கள் வராத பொழுதில், கேடிப் பையன்கள் கொய்யாக் கிளையைச் செதுக்கி மட்டையாக்கி, புதரில் பொறுக்கிய பந்தை அடிப்பார்களாம். கண்காணிப்பாளர் துரத்துவாராம். “நாற்பது வருஷம் மற்றவர்கள் அடிப்பதைப் பார்த்தேன். எந்தத் தோள் எப்போது திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன். அடிக்கத்தான் கிடைக்கவில்லை” என்றார். பின்னர், “உங்கள் கோபம் பந்தின் மேல் சார். நான் நடுவில் நின்றுவிட்டேன்” என்றார். அவருடைய பெருந்தன்மை எங்களை மேலும் நாணச் செய்தது.

மறுவாரம் திடலில் இரண்டு கூடைக்குப் பதில் மூன்று கூடை வாங்கினோம். மூன்றாவது அவருக்கு. “எனக்கு எதற்கு?” என்று மறுத்தவர், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். முதல் இரண்டு அடிகள் பிசகின. “தலையைத் தூக்கிவிட்டேன்” என்று தாமே சொல்லிக்கொண்டார். மூன்றாவது பந்து அளவோடு எழுந்து, சற்றும் வளையாமல், தொலைவில் ஊன்றிய கொடியருகே இறங்கியது. முன்பு சிரித்த இளைஞருள் ஒருவர் வந்து, “தாத்தா, பிடியை எனக்கும் காட்டுங்கள்” என்று கேட்டார்.

எங்கள் ஆட்டம் பெரிதும் திருந்திவிட்டது என்று சொன்னால் மிகையாகும். கூடைக்கு ஐந்தாறு பந்துகள் செம்மையாகச் செல்கின்றன. ஆனால் மட்டையின் நடுவில் பந்து படும்போது கையில் அதிர்ச்சியே தோன்றாது. மெல்லிய ஓர் ஒலி மட்டும் கேட்கும். அவ்வொலியை மீண்டும் கேட்பதற்காகவே நாற்பது பிழைகளைப் பொறுக்கலாம். நான்கரை அங்குல அகலமும் இல்லாத குழிக்குள் ஒரு முறை பந்து விழுந்தபோது, பேரன் முதன்முதல் நடந்த நாளின் மகிழ்ச்சியை எய்தினோம்.

ஓய்வு பெற்ற அன்பர்களே, புதிய கலை ஒன்றைக் கற்கத் தொடங்குங்கள். அது கோல்ப் ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வீணையோ, கன்னட எழுத்தோ, எதுவாயினும் நன்றே. பிழை செய்யவும், திருத்தப் பெறவும் முதுமையிலும் ஒரு வாய்ப்பு வேண்டும். கற்பிப்பவர் பெரும்பாலும் அடுத்த தெருவிலேயே இருப்பார்.

இப்போது வாரம் மூன்று நாள் மூவரும் செல்கிறோம். ஆட்டோவை விட்டு இறங்கியதும் பெரியவர் வழக்கப்படி பைக்குக் கை நீட்டுகிறார். நாங்கள் கொடுப்பதில்லை.