பறித்த சூட்டில் பன்னீர் திராட்சை!

தேனி மாவட்டம் மார்க்கையன்கோட்டையில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைகிறது. அங்கிருந்து சின்னமனூர் வழியாகக் கம்பம் பக்கம் போனால், பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பழத்துக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்றும் பெயர் உண்டு.

வாயில் போட்டதுமே கமகமக்கும். ஆனால், தோல் மெல்லிசு. அதிக நாள் தாங்காது. விலை சரிந்தாலும் விவசாயி வந்த விலைக்கு விற்றாக வேண்டியதுதான்.

மஸ்கட் குடும்பத்துத் திராட்சைக்குப் போர்ச்சுகல் நாட்டின் செதுபால் பகுதியில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். சாறு நொதிக்கும்போதே திராட்சையில் வடித்த சாராயத்தைச் சேர்ப்பார்கள். நொதிப்பது நின்று, இனிப்பும் வாசமும் ஒயினில் தங்கிவிடும். பீப்பாயில் வருடங்கள் ஏற ஏற அதற்கு மவுசும் ஏறும்.

நம் பழத்துக்கு அந்த அவகாசம் இல்லை. கம்பம் பக்கம் போனால், தோட்டத்திலேயே ஒரு கிலோ வாங்கி அன்றைக்கே ருசித்துவிடுங்கள்!