ஆவாரம்பட்டையைத் தேடி

திருவண்ணாமலையில் ஊரைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் வறண்ட மேட்டு நிலத்தில் ஆவாரஞ்செடி நிற்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்ட அதன் பூவை ஒடித்து வருவோம். அதன் பட்டையில் பதனிட்ட தோல் ஒரு காலத்தில் கப்பலேறி லண்டனில் ஏலம் போனது.

தோல் உறை போட்ட தலையணை ஒன்றை வீட்டிலேயே தைத்து, அதில் ஸ்கிரீன் பிரிண்ட் போட ஆசைப்பட்டேன். தெய்வமாக வணங்கும் அண்ணாமலையின் உருவத்தைத் தோலில் பதிக்க மனம் ஒப்பவில்லை. ஆவாரம்பூ போதும் என்று தோன்றியது. பூ ஆவாரம் என்றால் தோலும் ஆவாரம்பட்டையில் பதமானதாக இருக்கட்டுமே என்று தேடத் தொடங்கினேன்.

தோல் பதனிடும் ஊர்களான வாணியம்பாடியும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் 1989 வரை எங்களோடு ஒரே வட ஆற்காடு மாவட்டம். ஆனால் அங்கே இன்று கிடைப்பது பெரும்பாலும் குரோம் தோல். பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோலை, குரோமிய உப்பு ஓரிரு நாளில் பதமாக்கிவிடும். சென்னையில் இந்த முறைக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழி திறந்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன். ஷூவுக்கு ஏற்ற, மிருதுவான தோல். அதற்கான விலையைக் கொடுத்தது, தோல் கழிவு கலந்த பாலாறு. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கிணறு கெட்டுப்போன உழவரின் இழப்புக்கு முன்னால் அது மிகச் சிறிய தொகை என்றே நினைக்கிறேன்.

குரோமியம் அச்சுப் பக்கமும் இருந்தது. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடைகளில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிமேல் பூசும் பசையோடு பைகுரோமேட் கலப்பது நெடுநாள் வழக்கம். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் கழுவினால் போய்விடும், அந்த வழியாக மை இறங்கும். ஐந்து இதழ் பூவுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தாளில் வெட்டித் துணியின் அடியில் ஒட்டினாலே போதும்.

திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் பட்டைத் தோல் இன்னும் உண்டு. இ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்று புவிசார் குறியீடும் பெற்றது. அங்கும் ஆவாரத்தின் இடத்தை வாட்டில் சாறு பெரும்பாலும் பிடித்துவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற சரக்கு அது. கொடைக்கானலில் சீகை மரம் என்பார்களே, அதுதான் வாட்டில். பட்டைக்காகவே பழனி மலையில் நட்டார்கள். இன்று அது புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. பட்டைத் தோல் என்றாலே மாசற்றது என்று நான் சொல்லமாட்டேன். பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு இரண்டு முறையிலும் தண்ணீரோடுதான் போகிறது.

ஆனாலும் வீட்டு அச்சுக்குப் பூச்சில்லாத பட்டைத் தோல்தான் ஏற்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சிக் கறுத்தால் மை பிடிக்கும். முத்தாக உருண்டால் மேலே பூச்சு இருக்கிறது, அச்சு நாளடைவில் உரிந்துவிடும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மையை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். தோலைத் தைத்த பிறகு அச்சிட முயலாதீர்கள், தையல் மேட்டில் சட்டம் படியாது. மை நிழலில் காயட்டும். துணிக்குப் போடுவதுபோல் இஸ்திரி போட்டால் தோல் சுருங்கும்.

தோல் வாங்கப் போகிறவர்கள் நிறத்தையும் விலையையும் கேட்பதோடு, எதில் பதனிட்டது என்றும் கேளுங்கள். கேட்கிறவர்கள் இருந்தால்தான் ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுகிறவர் யாராவது மிஞ்சுவார். வீட்டில் பழைய தோல் பை கிடந்தால், புதிது வாங்காமல் அதையே பிரித்து வெட்டுங்கள்.