உப்பளத்தில் கற்ற ஒப்படர்த்தி

காலாண்டுத் தேர்வில் செறிந்த உப்புநீரின் ஒப்படர்த்தி 1.2 என்று சரியாகத்தான் எழுதினோம். பக்கத்தில் "கிராம்/க.செ.மீ." என்று சேர்த்ததால் வகுப்பில் பாதிப் பேருக்கு மதிப்பெண் போயிற்று! "அடர்த்திக்குத்தான் அலகு, ஒப்படர்த்திக்கு ஏது?" என்று சிஸ்டர் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்திப்பட்டிலிருந்து ரயிலில் வரும் தோழி ஒருத்தி, "எங்கள் தாத்தாவைக் கேட்கலாம், வாருங்கள்" என்றாள். ஒரு சனிக்கிழமை நால்வர் கிளம்பினோம். தாத்தா அவ்வூர் உப்பளங்களில் பல்லாண்டு வேலை பார்த்தவர். பெட்டியிலிருந்து அடியில் குண்டு வைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்தார். போமே டிகிரி காட்டும் திரவமானி அது. அவருக்கு வெறும் 'டிகிரி'.

வாளித் தண்ணீரில் விட்டார்; 0 வரை அமிழ்ந்தது. உப்பைக் கரைக்கக் கரைக்கக் குழாய் மேலெழும்பி, 24ஐ ஒட்டி நின்றது. அதற்குமேல் போட்ட உப்புக் கரையவேயில்லை.

"கடல் தண்ணி மூணு, மூணரைதாம்மா. வெயில்ல சுண்டி இருபத்தஞ்சு வந்தாத்தான் உப்பு பூக்கும். முப்பதுக்கு விட்டா கசந்துடும்" என்றார். வாளியில் 24, பாத்தியில் 25 ஏன்? கடல்நீரில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் என்று பின்னர் சிஸ்டர் விளக்கினார்கள்.

அங்கேயே கணக்குப் போட்டோம். 145இலிருந்து டிகிரியைக் கழித்து, வருவதால் 145ஐ வகுத்தால் ஒப்படர்த்தி. 25 டிகிரிக்கு 145/120, அதாவது 1.208. அந்த நீர் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1208 கிராம். நல்ல தண்ணீர் 1000 கிராம். கிராமைக் கிராமால் வகுத்தால் அலகு அடிபட்டுப்போய், எத்தனை மடங்கு என்பதே மிஞ்சுகிறது. கன அடிக்குப் பவுண்டு என்று அளந்தால் தண்ணீரின் அடர்த்தி 62.4, உப்புநீருடையது 75.4, ஒப்படர்த்தியோ அதே 1.208! கிராம் கணக்கில் தண்ணீரின் அடர்த்தி 1 ஆனதால், இரண்டு எண்களும் ஒன்றாய்த் தெரிந்து எங்களை ஏமாற்றியிருக்கின்றன.

"டிகிரி குறைந்தால் என்ன தாத்தா?" என்று கேட்டுவிட்டோம். அவர் சற்றுப் பேசவில்லை. ஒரு சித்திரையில் இராத்திரி மழை கொட்டியதாம். விடிந்து பார்த்தால் பாத்தியில் பதினைந்துதான். வாராமல் கிடந்த உப்பெல்லாம் கரைந்துவிட்டது. வாரினால்தானே கூலி?

சமையற்கட்டு வாசலில் நின்ற தோழியின் அம்மா, "அந்த வாரந்தானேப்பா எனக்குப் பரீட்சைப் பணம் கட்டவேண்டியிருந்தது?" என்றார்கள்.

தாத்தா குழாயைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.