வரப்புப் புளி

வேப்ப மரத்தடியில்கூட நாயுருவியும் தும்பையும் தலைகாட்டும். புளியடி மட்டும் எப்போதும் மொட்டை. அனந்தபுரத்தில் மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் செடிகளை அங்கேதான் கொண்டுவந்து குவிப்பார்கள். பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்வார்கள். புல் செதுக்குகிற வேலை மிச்சம்.

பெரியப்பா கொல்லைக்கும் தெற்கே அடுத்த கொல்லைக்கும் நடுவில், வரப்பிலேயே ஒரு புளி நின்றது. மரம் எங்களுடையது. அடுத்த கொல்லைக்காரர் வருஷம் தவறாமல் வந்து நிற்பார்.

"பழம் உனக்கு, பாழு எனக்காண்ணே?"

"நிழலடிச்சா நான் என்னப்பா பண்ணுவேன்?"

ஒரு தை மாசம் அவர் பெரியப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். மரத்தின் நிழல் வடக்கே, எங்கள் பக்கம் விழும். அவர் பக்கமோ வெயில் கொளுத்துகிறது. அப்படியும் மரத்தை ஒட்டிய செடிகள் சாண் உயரம் ஏறவில்லை. ஒன்றைப் பிடுங்கி உதறினார். வேரில் இரண்டே பிஞ்சு. "இதுல நிழல் எங்கண்ணே இருக்கு?"

அந்த மனிதரை வியன்னாவின் ஹன்ஸ் மோலிஷுக்கு அறிமுகப்படுத்தியிருக்க வேண்டும். ஒரு செடி தன் ரசாயனத்தால் இன்னொன்றைப் பாதிப்பதற்கு 1937இல் 'அல்லெலோபதி' என்று பேர் வைத்தவர் அவர். அமெரிக்கக் கருப்பு வால்நட் மரம் ஜுக்லோன் என்ற பொருளால் பக்கத்துத் தக்காளியை வாட வைப்பது பாடப்புத்தகக் கதை. நம் புளிய இலைக்கும் அந்தக் குணம் உண்டென்று 2003இல் கட்டுரை வெளியிட்டவர்கள் ஜப்பானில் யோஷிஹாரு ஃபூஜி குழுவினர். அவருடைய சோதனை முறைக்குப் பேரே சாண்ட்விச்: இரண்டு அடுக்கு அகர் கூழுக்கு நடுவே காய்ந்த இலை, மேலே லெட்டூஸ் விதை. முளை வேர் எவ்வளவு குறுகுகிறதென்று அளப்பார்கள். பர்கருக்குள் வைக்கிற கீரையைச் சாட்சிக்கு அழைத்து, புளிய மரத்தின் மேல் வழக்கு!

சோதனைக் கிண்ணத்தில் வெறும் இலைதான். நிழலும் இல்லை, தண்ணீருக்குப் போட்டி போடும் வேரும் இல்லை. கொல்லையில் மூன்று குற்றவாளிகளும் ஒரே மரத்தில் குடியிருக்கிறார்கள். நிழலுக்கு அந்தத் தை மாசமே ஜாமீன் கிடைத்துவிட்டது. வேர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சியதா, தினமும் உதிர்ந்த பொடி இலை மழையில் ஊறி இறங்கியதா என்று பிரித்துச் சொல்வது விஞ்ஞானிகளுக்கே இன்றும் தலைவலி. திண்டிவனத்தில் சிவனுக்கே திந்திரிணீசுவரர் என்று பேர், புளியங்காட்டு ஈசர். அந்தக் காலத்துக் காட்டில் மரங்களுக்குக் கீழே என்னதான் முளைத்திருக்கும் என்று எனக்கு ஒரே யோசனை.

ஊர்ப் பெரியவர்கள் இவ்வளவு யோசிக்கவில்லை. குற்றவாளி நிழலோ வேரோ இலையோ, வருஷத்துக்கு ஒரு மூட்டைப் பழம் தெற்குக் கொல்லைக்கு என்று தீர்த்துவைத்தார்கள். பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். வாங்கிக்கொண்டு போனவர் மறுநாளே திரும்பி வந்தார்: மூட்டையில் பாதி ஓடுதானாம்.