கைக்குப் பழகிய ஆட்டம்

பழைய மினி டிராக்டரின் ஸ்டீயரிங்கில் ஆட்டம் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. சேற்று உழவில் சகதி புகுந்து, கிரீஸ் கழுவிப் போய், கிங் பின் புஷ்ஷும் டை ராடு முனையும் மெல்லத் தேய்கின்றன. தினமும் ஓட்டுகிறவர் கை அதற்குப் பழகிவிடுகிறது. "எனக்கு நல்லாத்தானே போகுது" என்பார் அப்பா. அதே வண்டியை மகன் வாய்க்கால் ஓரம் திருப்பும்போது, ஸ்டீயரிங் சுற்றுகிறது. சக்கரம் திரும்பத் தாமதிக்கிறது. பழக்கம் அப்பாவோடு நின்றுவிடும், ஆபத்து பிள்ளைக்கும் வரும்.

கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் லேசாக அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் அசையாத மூட்டுதான் தேய்ந்தது. பிறகு முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின் புஷ், பேரிங் ஆட்டம் தெரியும்.

டை ராடு முனை எத்தனை சுற்றில் கழன்றதோ, புதியதை அத்தனை சுற்று ஏற்றி, முன்சக்கர அலைன்மென்ட்டையும் சரிபார்க்க வேண்டும். பழைய காட்டர் பின்னை மறுபடி போடக் கூடாது. புஷ் மாற்றுவது லேத் பட்டறை வேலை. தேய்ந்த மூட்டில் வெல்டிங் வைத்து ஒப்பேற்றவே கூடாது. மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு சாலையில் போகும்போது அது விட்டுப்போனால் பிடிக்க ஆளில்லை.

வேலை முடிந்ததும் மெதுவாக ஓட்டுங்கள். பழகிய கை கூடுதலாகவே திருப்பும்.