பட்டா எங்க பேர்ல... கம்பி?

செல்போன் டவர் வெச்ச வீட்டுக்காரங்களைப் பார்த்திருப்பீங்க. மொட்டைமாடியில ஒரு டவர், மாசமானா வாடகை! அதனாலதான், எங்க பெரியப்பா தோட்டத்துல டவர் இருக்குன்னு சொன்னதும் ஹாஸ்டல் பசங்க கேட்கிற முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு வருது மாப்ள?"

பைசா வராது பாஸ். அது கரன்ட் டவர்.

வெள்ளகோவில் பக்கம் மூணரை ஏக்கர் தோட்டம். 2014-ல நடுவுல 400 கிலோவோல்ட் லைன் போச்சு. நான் அப்போ அஞ்சாவது. வந்தவங்க தென்னை மரங்களை எண்ணினாங்க, 41. மரத்துக்கு இவ்வளவு, நின்ன பயிருக்கு இவ்வளவுன்னு செக் கொடுத்தாங்க. "மரத்துக்கு வெலை போட்டீங்க, சரிங்க. மரம் நின்ன மண்ணுக்கு?"ன்னு பெரியப்பா கேட்டார். "மண்ணு உங்களுதுதானுங்களே... அதை யாரு எடுத்தா?"ன்னாங்க!

நக்கல்னு நினைச்சுடாதீங்க. சட்டமே அப்படித்தான் பேசுது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 164-ன் கீழ் அரசு உத்தரவு வாங்கின நிறுவனத்துக்கு, 1885-ம் வருஷத் தந்திச் சட்டத்தோட அதிகாரம் கிடைச்சுடும். ஒல்லியான தந்திக் கம்பி போறதுக்காக வெள்ளைக்காரன் எழுதின சட்டம் அது. நிலத்துக்காரரோட சம்மதம் தேவையில்லை. யாராவது தடுத்தா கலெக்டர் உத்தரவு போட்டு வேலையை நடத்தலாம். நிறுவனத்துக்குக் கிடைக்கிறது 'பயன்படுத்தும் உரிமை' மட்டும். நிலம் நம்ம பேர்லயே இருக்கும். அதனால நிலத்துக்கு விலை கிடையாது, ஏற்படுற சேதத்துக்குத்தான் இழப்பீடு. இதுல ஒரு தமாஷ் என்னன்னா, 2013 ஜூலையிலேயே நாட்டுல தந்தி சேவைக்கு டாட்டா காட்டியாச்சு. அடுத்த வருஷம் அதே தந்திச் சட்டத்தை வெச்சுத்தான் எங்க தோட்டத்துக்குள்ள வந்தாங்க.

சரி, சேதம்னா என்ன? சண்டையே இங்கதான். 400 கிலோவோல்ட் லைனுக்குக் கீழே 46 மீட்டர் அகலம் ஒதுக்கணும். நம்ம நிலத்துல அது 100 மீட்டர் நீளம் போச்சுன்னா 4,600 சதுர மீட்டர். ஒரு ஏக்கரே 4,047தான்! அதுக்குள்ள வீடு கட்ட முடியாது. தென்னை வைக்க முடியாது. போர் போடலாம்னா, ரிக் வண்டியை நிமிர்த்த முடியாது. சோளத்தட்டு போடலாம், மாடு மேய்க்கலாம். பெரியப்பா அதைத்தான் செய்றார். அக்கா படிப்புக்கு லோன் கேட்டுப் போனப்போ, பேங்க் மேனேஜர் எஃப்.எம்.பி. வரைபடத்தைப் பார்த்துட்டு முதல்ல கேட்டது லைனைப் பத்தித்தான். கிஸ்தி மட்டும் மூணரை ஏக்கருக்கும் முழுசா கட்டணும்.

குழாய்க்கு வேற சட்டம். 1962-ல வந்த பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி, சேதத்துக்குக் கொடுக்கிறதோட நிலத்தோட சந்தை மதிப்புல 10 சதவீதம் கொடுப்பாங்க. குழாய் மேல கட்டடம், கிணறு, மரம் எதுவும் கூடாது. கோவையில இருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் ஏழு மாவட்ட விவசாயிகள் கெயில் குழாயை எதிர்த்தது ஞாபகம் இருக்கா? 'நெடுஞ்சாலை ஓரமா கொண்டு போங்க'ன்னு 2013-ல தமிழக அரசே சொல்லிச்சு. ஆனா, 2016 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் கெயில் பக்கம்தான் நின்னது.

கரன்ட் வேண்டாம்னு சொல்ற ஆள் இல்லை நான். என் ரூம் ஃபேனும் ஏதோ ஒரு தோட்டத்து மேல போற கம்பியாலதான் சுத்துது. எல்லாருக்கும் போற கரன்ட்டுக்கு அந்த 46 மீட்டர்காரங்க மட்டும் ஏன் தண்டம் கட்டணும்? அதுதான் என் கேள்வி.

கேட்டுக்கேட்டு கொஞ்சம் நகர்ந்திருக்கு. கேரள மின்வாரிய வழக்குல 2007-ல சுப்ரீம் கோர்ட், 'டவர் எங்க நிக்குது, லைன் எவ்வளவு தூரம் போகுது, மிச்ச நிலம் எதுக்கு உதவும்னு பார்த்துத்தான் இழப்பீட்டை முடிவு பண்ணணும்'னு சொல்லிடுச்சு. 2015 அக்டோபர்ல மத்திய மின் அமைச்சகம், டவர் காலடி நிலத்துக்கு அதன் மதிப்புல 85 சதவீதம், கம்பிக்குக் கீழே அதிகபட்சம் 15 சதவீதம்னு நெறிமுறை கொண்டுவந்தது. 2024 ஜூன்ல அதை 200-ம் 30-ம் ஆக்கினாங்க. ஏக்கர் 10 லட்சம்னு வெச்சுக்கங்க. நாம மேல போட்ட 4,600 சதுர மீட்டர் கணக்குக்கு, கம்பிக்காக 2015 விகிதத்துல சுமார் 1.7 லட்சம். 2024 விகிதத்துல 3.4 லட்சம். அதுவும் அரசு வழிகாட்டி மதிப்பை எடுத்தா ஒரு தொகை, ஊர்ல விக்கிற விலையை எடுத்தா இன்னொரு தொகை. எங்களுக்கு லைன் வந்தது 2014-ல. ஒரு வருஷம் முந்திட்டோம், வேறென்ன சொல்ல!

பூமிக்கடியில கொண்டு போக முடியாதான்னு கேட்பீங்க. புகளூர்–திருச்சூர் லைன்ல, வடக்கஞ்சேரியில இருந்து திருச்சூர் வரைக்கும் கேபிள் மண்ணுக்கடியிலதான் போகுது. செலவு ஜாஸ்திங்கிறாங்க. நிஜம்தான். மேல போனா அந்தச் செலவுல ஒரு பங்கு பெரியப்பா மாதிரி ஆளுங்க தலையில விழுது, அவ்வளவுதான்.

உங்க வீட்டுக்கும் நோட்டீஸ் வந்திருந்தா, இந்த லீவுக்குப் போறப்போ உட்கார்ந்து படிச்சுப் பாருங்க. வீட்டுல கேமரா போன் வெச்சிருக்கிறதும், கவர்ன்மென்ட் இங்கிலீஷ் புரியுறதும் அநேகமா நீங்க ஒருத்தர்தான். 164 உத்தரவு நகல் இருக்கான்னு கேளுங்க. மரம் வெட்டுறதுக்கு முன்னாடியே ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. மகஜர்ல கையெழுத்து போட்டா அதோட நகலை வாங்காம விடாதீங்க. தொகை பத்தலைன்னா, தந்திச் சட்டம் பிரிவு 16(3)-ன் கீழ் மாவட்ட நீதிபதிகிட்ட மனு போடலாம்.

பெரியப்பாவும் போட்டிருக்கார். மகஜர் நகல் எங்ககிட்ட இல்லை. அக்கா பத்தாவது கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல, மரத்துக்கு ஒரு நம்பர் போட்டு வயசும் காய்ப்பும் எழுதி வெச்சிருந்தா, 41 வரைக்கும். வக்கீல் அதைத்தான் ஆவணமா சேர்த்திருக்கார். அடுத்த வாய்தாவுக்கு அக்காவைச் சாட்சி சொல்ல வரச் சொல்லியிருக்காங்க.